கையும் தூசியும்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. காது மட்டும் போன வருடத்தைவிட இன்னும் கொஞ்சம் மந்தம். பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க இரும்பு இடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன ஆகும்? நீ போன் செய்தால் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. நீ கேட்பதற்கெல்லாம் "ஆமா ஆமா" என்று சொல்லி, என்றைக்காவது எதிலாவது மாட்டிக்கொள்வேன். கடிதமே மேல். உன் சளி விட்டதா? அங்கே குளிர் குறைந்ததா?

இப்போது உன்னிடம் ஒரு வேலை கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் மூன்றாம் நம்பர் பிரஸ் உனக்குத் தெரியும், போன தடவை படம் அனுப்பினேன். தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் மேலே இருக்கும் கனத்த இரும்பு இறங்கி, தகட்டை டை என்கிற இரும்பு அச்சின் வடிவத்துக்கு நசுக்கும். முன்பக்கம் சென்சார் இருக்கிறது. யாராவது கையை உள்ளே விட்டால் அது பார்த்துவிடும், பிரஸ் பாதியில் நின்றுவிடும். எங்கள் பத்து விரலுக்கும் அதுதான் காவல். அதற்கு என்ன கேடு வந்ததோ, இப்போது தூசி பறந்தாலும் கை என்று நினைத்து நிறுத்துகிறது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பெல்ட் வந்துவிடுகிறான்.

பெல்ட் என்பது எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பழைய ஃபேன் பெல்ட் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடப்பான். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் துண்டுக்கு வேலை. போன வாரம் நெட்டையை முதுகில் வெளுத்துவிட்டான். நெட்டைதான் மூன்றாம் நம்பரை ஓட்டுகிறவள், எனக்கு உயிர். அவள் திரும்பி அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தரையில் தள்ளி, பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார்கள். நாங்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தோம். நானும்தான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இப்போது பெல்ட் ஒரு யோசனை சொல்கிறான். சென்சார் கம்பியில் சாவி போட்டுத் திருப்பும் ஒரு சுவிட்ச் வைத்து, தேவைப்பட்டால் சென்சாரையே மூடிவிடலாமாம். "கண்ண மூடிட்டா தன்னால ஓடும்"னு சிரிக்கிறான். மானேஜரும் தலையாட்டிவிட்டார். அதற்குமுன் ஒரு தடவை சரிசெய்து பார்க்கிறேன் என்று நான் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். நீதான் டிரைவர் டிரைவர் என்று எழுதுகிறவன் ஆயிற்றே. அம்மா இருந்தவரை, என் மகன் வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறான் என்றே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரஸ்ஸின் கணினியில் ஒட்டியிருந்த எண்களை எல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது, குளிர் விடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எதிரே கிடந்த நாற்காலியை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். அந்த வேலையை விட்டுத் தொலை என்றால் நீ கேட்க மாட்டாய். அவனுக்குக் கை நீளும்போது நீ பக்கத்தில் நிற்காதே, அதையாவது கேள்.

நீ அனுப்பிய எண்களை வைத்துப் பார்த்துவிட்டேன். டிரைவர் என்பது கணினிக்கும் ஒரு கருவிக்கும் நடுவில் நிற்கும் சின்ன நிரல், அவ்வளவுதான். சென்சார் கத்துவதை அதுதான் காதில் வாங்கி, பிரஸ்ஸை நிறுத்து என்று சொல்கிறது. உங்களுடையது பழைய டிரைவர், ஒரு தடவை கத்தினாலே பயந்து நிறுத்திவிடுகிறது. சட்டென்று வந்து போவது தூசி, நிலைத்து நிற்பது கை என்று வித்தியாசம் பார்த்து நிறுத்தும்படி ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். என் கணினியில் இருக்கும் ப்ராசஸர் வேறு இனம், உங்கள் பிரஸ்ஸில் இருப்பது வேறு இனம். அந்த இனம் இந்த ஊரில் யாரிடமும் இல்லை. ஆனால் எழுதிய நிரலை இங்கே உட்கார்ந்துகொண்டே அந்த இனத்துக்குப் புரியும் மொழிக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய முடியும். என் வேலையே அதுதானே. உலகத்தில் யார் யாரோ எழுதும் டிரைவர் திருத்தங்களை எல்லா இன ப்ராசஸருக்கும் கம்பைல் செய்து பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வது. என்னிடம் வந்து அடி வாங்காமல் போன திருத்தம் குறைவு. உன்னுடையதையும் அப்படியே செய்தேன். ஒரு பிழை இல்லை, ஒரு எச்சரிக்கைகூட இல்லை, பளிங்கு மாதிரி ஓடி முடிந்தது.

ஆனால் கம்பைல் ஆனது என்றால் ஓடும் என்று அர்த்தமில்லை. நிஜ பிரஸ்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டியது நீ. முதலில் கையை விடாதே, ஒரு மரக்கட்டையை விட்டுப் பார். பென் டிரைவ் உறைக்குள் இருக்கிறது, எப்படி ஏற்றுவது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். புரியவில்லை என்றால் எழுது, நீயாக எதையாவது பிடுங்கி வைக்காதே.

நெட்டை அக்காவின் விலா எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். நெட்டைக்கும் விலா பரவாயில்லை, இருமினால் மட்டும் பிடிக்கிறது.

நீ அனுப்பியதை ஏற்றிவிட்டேன். நீ சொன்னபடி மரக்கட்டையை விட்டுப் பார்த்தேன், நிறுத்தியது. அதற்கப்புறம் பிரஸ் வீணாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் தம்பி என்றால் சும்மாவா? பெல்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சாவி கீவி எல்லாம் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. நெட்டை உனக்குக் கட்டிவைக்க ஒரு பெண் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்த பெண்ணுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளமாம். அவனுக்குப் பழக்கம்தான் என்றேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. மணிக்கட்டில் தகடு இடித்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். பல் ஒன்றும் ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன். வயதாகிறது அல்லவா.

இங்கே மற்றபடி வழக்கம்போல. கேன்டீனில் தட்டை நீட்டிய ஒருத்தனைப் பெல்ட் வரிசையில் முந்தினாய் என்று சொல்லி வாயிலேயே குத்தினான். சாம்பார் வாளிக்குள் ரத்தம் விழுந்துவிட்டது. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. அவன் மட்டும் சாப்பிட்டான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நான் கம்பைல் செய்து பார்ப்பதெல்லாம் யாரோ ஒரு முகம் தெரியாதவனின் கருவிக்காக. எங்காவது ஓடியதா, உடைந்ததா, எனக்குத் தெரியவே தெரியாது. இது ஒன்றுதான் யாருடைய விரலைக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரிந்து செய்தது. பக்கத்து மேஜைக்காரன் எப்போதும் என்னைச் சீண்டுவான், "நீ பொம்மை அளவுக்குச் சட்டை தச்சுக் கொடுக்கற ஆளு, போட்டுப் பாக்கறவன் வேற"ன்னு. அவன் மூக்கின் முன்னால் உன் கடிதத்தை ஆட்டினேன்.

மணிக்கட்டை டாக்டரிடம் காட்டினாயா? தகடு இடித்தால் கீறல்தானே விழும், எழுத முடியாமல் போகுமா? உனக்கு ஆடுகிற பல் எப்போது வந்தது? போன வருடம்தானே கரும்பைக் கடித்துக் காட்டினாய். எதையும் மறைக்காதே அக்கா. எனக்குக் கோபம் வரும்.

பெண் பார்க்க வேண்டாம் என்று நெட்டை அக்காவிடம் சொல். வாய் நீளமான ஒருத்தியைச் சமாளிப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


மே 9

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம்.

நெட்டைக்குக் கையில் அடி பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தினமும் போய் ஊட்டிவிட்டு வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சென்சாரைச் சாவி போட்டு மூடினால், மூடியது திறந்தது எல்லாம் கணினியில் எங்காவது பதிவாகுமா? சும்மா கேட்கிறேன். இங்கே ஒரு பேச்சு வந்தது.

சளி திரும்ப வராமல் பார்த்துக்கொள்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் எண்ணி எட்டு வரி. என்ன அடி? எந்தக் கை? கையில் அடி பட்டவளுக்கு நீ ஏன் ஊட்டிவிட வேண்டும்? இன்னொரு கை இருக்கிறதே. நான்தான் சென்சாரைச் சரிசெய்து கொடுத்தேனே, அப்புறம் எப்படி அடி படும்? வேறு இயந்திரத்திலா? எனக்கு விவரமாக எழுது, கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பதிவாகாது. சாவி வெளியே கம்பியில் இருக்கிறது. மூடினால் சென்சாரின் குரல் டிரைவருக்கு வந்தே சேராது. எல்லாம் அமைதியாக இருக்கிறது, கை ஒன்றும் குறுக்கே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். திறந்தால் மறுபடி கேட்கும். நடுவில் மூடியிருந்தது அதற்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

ஏன் கேட்கிறாய்? சாவி டிராயரில் இருக்கிறது என்றுதானே சொன்னாய்?

அன்புடன்,
தம்பி


ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். யாராவது உனக்கு வேறு மாதிரி சொல்வதற்குமுன் நானே எழுதுகிறேன்.

பெல்ட் செத்துவிட்டான். போன புதன்கிழமை மூன்றாம் நம்பரில் தகடு சிக்கிக்கொண்டது. எடுக்கக் குனிந்தான். பிரஸ் இறங்கிவிட்டது. தலையும் ஒரு தோளும் உள்ளே இருந்தன. டையில் இருந்து அவனைப் பிரித்தெடுக்க நெம்புகோல் போட வேண்டியிருந்தது. டையை நான்தான் கழற்றினேன், அது என் வேலை. தரையைக் கழுவிய தண்ணீர் வாசல்வரை சிவப்பாகப் போனது. ஒருத்தரும் அழவில்லை. அவன் கையிலிருந்த பெல்ட் துண்டை யாரோ காலால் தள்ளிச் சாக்கடைக்குள் விட்டார்கள்.

நான் அப்போது பக்கத்தில் ஐந்தாம் நம்பருக்கு டை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று போலீசிடம் சொன்னேன். என் காதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

பார்த்தபோது சாவி திறந்த நிலையில்தான் இருந்தது, சென்சார் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதனால் கணினியில் ஏதோ கோளாறு என்கிறார்கள். ஒரு விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். மெல்லப் பேசும் ஆள், நான் ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை "என்ன?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று எழுதி மூடிவிடுவார்கள். நீ ஒன்றும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நெட்டை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

குழப்பிக்கொள்ளாதே என்கிறாய். கணினியில் கோளாறு என்றால் அது என் கோளாறு. சட்டென்று வருவது தூசி, நிற்பது கை என்று எழுதியது நான். அவன் வேகமாகக் குனிந்திருப்பான். என் டிரைவர் அவன் தலையைத் தூசி என்று எண்ணியிருக்கும். ஒரு மனிதன் தலையை நான் தூசி என்று எழுதி அனுப்பிவிட்டேன், அதுவும் ஓட்டிப் பார்க்காமல், கம்பைல் ஆனது பளிங்கு மாதிரி என்று பீற்றிக்கொண்டு.

அவன் மோசமானவன், தெரியும். செத்து ஒழியட்டும் என்று நானே எத்தனை தடவை நினைத்திருப்பேன். ஆனால் அந்த இடத்தில் நெட்டை அக்கா குனிந்திருந்தால்? நீ குனிந்திருந்தால்? படுத்தால் இரும்பு இறங்குகிற சத்தம்தான் கேட்கிறது. நேற்று ஆபீசில் ஒரு திருத்தம் வந்தது, ஆஸ்பத்திரிக் கருவி ஒன்றின் டிரைவர். கம்பைல் செய்ய விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை. எழுந்து போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன்.

விடுப்புச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். விசாரணை அதிகாரியிடம் என் வாயாலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

தம்பி


ஜூலை 15

தம்பி,

நீ வராதே. வந்தால் காலை உடைத்து உட்காரவைப்பேன், சொல்லிவிட்டேன்.

உன்னிடம் யார் கேட்டார்கள்? யாராவது உன் பெயரைச் சொன்னார்களா? பழைய இயந்திரம், பழைய கணினி, ஆயிரம் கோளாறு இருக்கும். விசாரணை முடிந்துவிட்டால் கம்பெனிக்கு ஒரு அபராதம், அவன் வீட்டுக்கு ஒரு தொகை, அத்தோடு சரி. நீ நடுவில் வந்து நான்தான் கொன்றேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டால் அவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. மொத்தத்தையும் உன் தலையில் கட்டிவிடுவார்கள். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது நான், அடி வாங்கியது நீ.

அவன் செத்ததற்கு உனக்கு ஒரு துளி வருத்தமும் வேண்டாம். அவன் நெட்டையின் வலது கையை எடுத்துவிட்டான். அன்றைக்கு எண்ணிக்கை முடியவில்லை என்று சாவியை மூடிவிட்டு, இன்னும் வேகம் இன்னும் வேகம் என்று பின்னால் நின்று விளாசினான். அவள் கை மணிக்கட்டோடு போனது. பிரஸ் மேலே ஏறியபோது விரல்கள் தகட்டிலேயே அச்சாகப் பதிந்திருந்தன. அவன் அவளைத் தூக்கவில்லை. அந்தத் தகட்டை வீணாகிவிட்டது என்று திட்டினான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்ல வைத்துவிட்டாய்.

வாயை மூடிக்கொண்டு உன் வேலையைப் பார். சரியாகச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு தேவலை. வலது கையில் மட்டும் கட்டு. பக்கத்து மேஜைக்காரன் எப்படியோ கேள்விப்பட்டு எல்லோர் முன்னாலும், "இவன் எழுதின திருத்தம் ஒரு ஆளையே முடிச்சிருச்சாம்ல"ன்னு சிரித்தான். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் அவன் மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம். நான்கு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதும் காலால் உதைத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவன் கதவைத் திறக்கவில்லை.

வீட்டில் சும்மா கிடந்ததால் வெளியூரில் பழைய சாமான் விற்கும் ஒருவனைத் தேடிப் பிடித்து, உங்கள் பிரஸ்ஸில் இருக்கும் அதே இனக் கணினி ஒன்று வாங்கினேன். சென்சாரும் வாங்கினேன். எந்த இடத்தில் தலையைத் தூசி என்று எண்ணியது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று வெறி. உனக்கு அனுப்பியதை அப்படியே ஏற்றினேன். கையை விட்டேன், நிறுத்தியது. வேகமாக விட்டேன், நிறுத்தியது. பவுடரை ஊதினேன். அதற்கும் நிறுத்தியது. மறுபடி ஊதினேன், மறுபடி நிறுத்தியது. தூசிக்கு நிறுத்தக் கூடாது அக்கா. அதற்குத்தானே திருத்தமே எழுதினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். நான் எழுதிய பகுதி ஒரு செட்டிங்குக்குள் இருந்தது, அந்த செட்டிங் இருந்தால்தான் அது நிரலில் சேரும். செட்டிங்கை நான் போட்டுத்தான் வைத்தேன். ஆனால் உங்கள் இன ப்ராசஸரில் அது வேறொன்றை நம்பி நிற்கிறது. அந்த வேறொன்று இல்லாததால், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அதை நீக்கிவிட்டுத்தான் கம்பைல் ஆகியிருக்கிறது. நான் எழுதியதில் ஒரு வரிகூட அதற்குள் போகவில்லை. பிழை எப்படி வரும், எச்சரிக்கை எப்படி வரும்? எங்கள் தொழிலில் புதிதாய் வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது இது. கம்பைல் ஆனதா என்று பார்க்காதே, உன் கோப்பு கம்பைல் ஆனதா என்று பார். சொந்த அக்காவுக்குச் செய்யும்போது ஆசையில் அதைப் பார்க்காமல் விட்டேன். உனக்கு வந்தது அதே பழைய டிரைவர், தேதி மட்டும் புதிது.

அப்படியானால், நான் அனுப்பியபின் பிரஸ் வீணாக நிற்கவே இல்லை என்று நீ எழுதியது பொய். நின்றிருக்கும், முன்னே மாதிரியே. உன் மணிக்கட்டை இடித்தது தகடு இல்லை. பல் தானாக ஆடவில்லை. சாவி டிராயருக்குப் போகவில்லை. நான் வருத்தப்படக் கூடாது என்று நீ அடியை வாங்கிக்கொண்டு எனக்குப் பெருமையை அனுப்பினாய். நெட்டை அக்காவின் கை போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது, அதை நீ இல்லை என்று சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று. தூசிக்கே நிற்கும் டிரைவர், ஒரு மனிதனின் தலைக்கும் தோளுக்கும் நிற்காமல் இருக்காது. சாவி திறந்திருந்தால் பிரஸ் இறங்கியிருக்கவே முடியாது. யாரோ மூடியிருக்க வேண்டும், மிதியை அழுத்தியிருக்க வேண்டும், மறுபடி திறந்து வைத்திருக்க வேண்டும். மே மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நானும் பதில் எழுதினேன்.

விசாரணை அதிகாரியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. அந்தத் திருத்தத்தை யார் அனுப்பியது என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் எழுத்தில் விளக்கம் கேட்கிறார். எழுதி வைத்துவிட்டேன்: திருத்தம் என்னுடையது, நிஜ இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பினேன், அது மனிதனைத் தூசி என்று எண்ணியது, பொறுப்பு முழுக்க என்னுடையது. படித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. நானே நம்பிவிடுவேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் அக்கா. ஆனால் என்னிடம் மட்டும் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 25

என் தங்கத் தம்பிக்கு,

அக்கா நலம், நிஜமாகவே. கையில் கட்டு இருக்கும்போது தண்ணீர் படாமல் குளி. இந்தக் கடிதம் வந்து சேர நாளாகும், அதனால் உனக்குப் போன் செய்யச் சொல்லி நெட்டையிடம் சொல்லியிருக்கிறேன். நீ எழுதி வைத்ததை அனுப்பாதே, கிழித்துப் போடு. இந்நேரம் அவள் உன்னைத் திட்டி முடித்திருப்பாள்.

ஆமாம், நான்தான்.

நீ அனுப்பியதை ஏற்றிய அன்றைக்கே பிரஸ் முன்னே மாதிரியே நின்றது. உன் தம்பி கொடுத்த மருந்தால் அரை ஷிஃப்ட் வீண் என்று பெல்ட் என்னைப் பேனலில் மோதவிட்டான், கையை முறுக்கினான், மிச்சத்தை நீயே கண்டுபிடித்துவிட்டாய். சாயங்காலமே சாவி வைத்துவிட்டான். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அவ்வளவுதான் காரணம். நெட்டை கைக்கு உனக்குப் பங்கு இருக்கிறதென்றால் எனக்கும் இருக்கிறது. அது சரியாக ஓடவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தால் மறுவாரமே வேறு அனுப்பியிருப்பாய். உனக்குத் தெரியாமல் செய்தது நான்.

ஆஸ்பத்திரியில் நெட்டை தூக்கத்தில் இல்லாத விரலால் போர்வையைத் தேடிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் முடிவு செய்தேன். உனக்கு எழுதிக் கேட்டதும் அங்கே உட்கார்ந்துதான்.

டையைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினேன், தகடு சிக்கும் என்று தெரியும். சிக்கினால் அவனே வருவான், எங்கள் வேகம் அவனுக்குப் போதாது. எங்கள் கைக்குச் சாவியை மூடி வைப்பான், தன் தலைக்குத் திறந்து வைப்பான். அன்றும் திறந்துவிட்டு, சென்சார் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தான். நான் மூடினேன். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. "யாருடி சாவியத் தொடுறது?"ன்னு உள்ளேயிருந்து கேட்டான். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று போலீசிடம் சொன்னேனே, அது கேட்டது. அவ்வளவு தெளிவாக எனக்கு வருஷக்கணக்கில் எதுவும் கேட்டதில்லை. "நெட்டை"ன்னு சொன்னேன். மிதியை அழுத்தினேன்.

அப்புறம் சாவியைத் திறந்துவிட்டு ஐந்தாம் நம்பருக்குப் போனேன். என்னை ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. இயந்திரத்தின் மேல் பழி போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அது சுற்றிக்கொண்டு உன் மேல் வந்து விழும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. நீ வாந்தி எடுத்தேன் என்று எழுதியபோதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது தம்பி. கொல்லும்போது இல்லாத பயம் அப்புறம் வந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் விசாரணை அதிகாரியிடம் போனேன். பிரஸ் கோளாறா என்று கேட்டார். இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தது என்றேன். என் தம்பி அனுப்பியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனிதர், இந்தத் தாளும் பேனாவும் அவர் கொடுத்ததுதான். எவ்வளவு வருடம் கிடைக்கும் என்று தெரியவில்லை. அவனைக் கொன்றது நான். அதில் உன் பெயரைப் போட்டுக்கொள்ள உனக்கு எந்த உரிமையும் இல்லை. எனக்கு வருத்தம் வரும் வரும் என்று பார்க்கிறேன், நெட்டையை நினைத்தால் வரமாட்டேன் என்கிறது. உன்னை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அந்தக் கணினியும் சென்சாரும் இப்போது உன் மேஜையிலேயே இருக்கின்றன. திருத்தத்தை மறுபடி கம்பைல் செய். உள்ளே போனதா என்று பார். ஓட்டிப் பார். பவுடரை ஊது, கையை விடு, உன் தலையையும் விட்டுப் பார். எல்லாம் சரி என்றால் ஃபோர்மேன் பெயருக்கு அனுப்பு, ஏற்றுவதற்கு நான் சொல்லிவைத்திருக்கிறேன். மூன்றாம் நம்பரைக் கழுவி, வேறு டை மாட்டி, ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சென்சார் இன்னும் தூசிக்கு நிற்கிறதாம், சாவியை இன்னும் கழற்றவில்லையாம். புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு கையும் இருக்கிறது.

உன் அக்கா